எந்தச் சாமி எந்த ஊர்க்காரருடையது? பினாங்குச் சீனக் கோயில்களில் ஒரு பெருநாள் காலம்

பிப்ரவரி 3, 2025, திங்கள். பாம்புக் கோயில்

சீனப் பெருநாளின் ஆறாம் நாள். பாம்புக் கோயில் மூலவர் சோர் சூ கோங்கின் பிறந்தநாள் என்பதால் சுங்கை குளுவாங் சாலையில் வண்டிகள் நகரவில்லை. நகர நடுவிலுள்ள கொம்தார் கோபுரத்திலிருந்து விமான நிலையப் பக்கம் போகும் 401 பேருந்து கோயில் அருகிலேயே நிற்கும். கட்டணம் மூன்று வெள்ளிக்குள் (ரிங்கிட்டை இங்குள்ள தமிழர் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்). சரியான சில்லறை கையில் இருக்க வேண்டும். பத்து வெள்ளி நோட்டைப் பேருந்தின் கட்டண உண்டியலில் போட்டால் மீதி வராது. இன்று முன்னால் நின்ற ஒரு சுற்றுலாக் குடும்பத்துக்கு அதுதான் நடந்தது. பின்னாலிருந்த சீனப் பாட்டி ஒருவர் தன் சுருக்குப்பையை அவிழ்த்து மாற்றிக் கொடுத்தார்.

கோயிலின் பெயர் ஹாக் ஹின் கியோங். வெளியூர்க்காரர்கள் பாம்பைப் பார்க்க வருகிறார்கள், உள்ளூர் ஹாக்கியன்காரர்கள் (புஜியன் வழிவந்த சீனர்கள்) சோர் சூ கோங்கைப் பார்க்க வருகிறார்கள். இவர் பதினோராம் நூற்றாண்டில், சோங் ஆட்சிக் காலத்தில், சீனாவின் புஜியன் மாநிலத்து ஆன்சி வட்டாரத்தில் வாழ்ந்த துறவி. வறட்சியில் மழை வேண்டிப் பலித்ததால் ஊர் அவரைத் தெய்வமாக்கியது. முகம் கன்னங்கரேல் என்று இருக்கும். குகையில் தவமிருந்தவரைப் பேய்கள் புகைபோட்டு வாட்டின, அவர் அசையவில்லை, முகம் மட்டும் கறுத்தது என்பது கதை.

பீடத்துப் பூச்சாடிகளிலும் கொல்லைப்புற மரங்களிலும் சுருண்டு கிடப்பது பச்சையும் மஞ்சளுமான வாக்ளர் குழிவிரியன். ஊதுபத்திப் புகையில் மயங்கிக் கிடப்பதாகச் சொல்வார்கள். புகை இல்லாத மரத்திலும் அது அப்படியேதான் கிடக்கிறது. இரவில் இரை தேடி, பகலில் ஒரே கிளையில் அசையாமல் காத்திருக்கும் இனம் அது. விஷம் உண்டு, தொடக்கூடாது. பழைய எண்ணிக்கை இப்போது இல்லை. சுற்றிலும் தொழிற்சாலைகள் வந்துவிட்டன, பாம்பு வர காடு எங்கே இருக்கிறது? பக்கத்தில் காசு வாங்கிக்கொண்டு பாம்பைத் தோளில் போட்டுப் படமெடுக்கும் கடை தனி வியாபாரம். கோயிலுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது.

வெயில் 33 டிகிரி. வாசலில் கரும்புச்சாறு குடித்துவிட்டுத் திரும்பும் பேருந்துக்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 4, செவ்வாய். குவான் இம் தெங்

பினாங்கின் சீனக் கோயில்களைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் இங்கே வாருங்கள். பழைய பிட் தெரு, இன்றைய ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். ஒரே தெருவில், நடந்துபோகும் தூரத்தில், 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், இந்தச் சீனக் கோயில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த காதர் மொகிதீன் 1801இல் எழுப்பிய பள்ளிவாசல். பின்புறம் குயின் தெருவில் 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில். கிழக்கிந்தியக் கம்பெனி 1786இல் தீவைப் பிடித்துச் சில பத்தாண்டுகளுக்குள் வந்திறங்கிய ஒவ்வொரு கூட்டமும் ஆளுக்கொரு மனையில் தன் சாமியை உட்கார்த்திவிட்டது.

இந்தக் கோயில் 1800இல் எழுந்தது. முறைப்படி இதன் பெயர் கோங் ஹாக் கியோங், அதாவது குவாங்டுங்காரருக்கும் புஜியன்காரருக்கும் பொதுக்கோயில். பேச்சு ஒட்டாத, தெருவில் அடித்துக்கொண்ட இரண்டு கூட்டம் சேர்ந்து கட்டியது என்பதுதான் இதன் விசேஷம். 1881இல் சீனர் நகர மண்டபம் என்ற தனி அமைப்பு வரும்வரை இரு தரப்புப் பெரியவர்களும் இங்கேதான் கூடி வழக்குகளைத் தீர்த்தார்கள். நம் ஊரில் ஆலமரத்தடியில் நடந்தது அங்கே ஊதுபத்திப் புகைக்குள் நடந்திருக்கிறது.

முதலில் இங்கே மூலவர் மாச்சோ. மெய்சோ தீவில் 960ஆம் ஆண்டு பிறந்த லின் குலத்துப் பெண், கடலில் போகிறவர்களுக்குக் காவல். ஆயிரம் காதம் பார்க்கும் கண் ஒருவன், காற்றின் ஓசை கேட்கும் காது ஒருவன் என இரண்டு பூதங்கள் அவளுக்கு ஏவலர். கப்பலில் வந்தவன் கரை சேர்ந்ததும் முதலில் நன்றி சொன்னது இவளுக்குத்தான். பிறகு கடைவீதி, கல்யாணம், பிள்ளை, நோய் என்று வாழ்க்கை கரையிலேயே நிலைத்தபோது கருணைத் தெய்வமான குவான் இம் முன்னுக்கு வந்துவிட்டாள். மாச்சோ போய்விடவில்லை, இடம் மட்டும் மாறினாள். இந்தத் தீவில் எந்தக் கோயிலில் நுழைந்தாலும் நடுவில் யார், பக்கத்தில் யார் என்று பார்த்தால் கட்டியவர்கள் எங்கிருந்து, எதற்குப் பயந்துகொண்டு வந்தார்கள் என்று பாதி தெரிந்துவிடும்.

குவான் இம் நமக்கு அந்நியமானவள் அல்ல. அவலோகிதேஸ்வரர் சீனா போய்ப் பெண்ணுருக் கொண்டதுதான் இவள். அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம் என்று வீரசோழியப் பாயிரம் சொல்கிறதே, அதே அவலோகிதர்.

கும்பிடும் முறை தெரியாமல் வாசலில் விழிக்கிறவர்கள் நிறைய. வரிசை இதுதான். நமக்கு வலப்பக்கம் இருக்கும் வாசலால் உள்ளே போக வேண்டும், அது டிராகன் பக்கம். இடப்பக்கப் புலி வாசலால் வெளியே வர வேண்டும். நடுவாசல் சாமிக்கு. நிலைப்படியை மிதிக்கக் கூடாது, தாண்ட வேண்டும். பத்தி ஏற்றியதும் முதலில் வெளியே திரும்பி ஆகாயத்தைப் பார்த்து தி கோங்குக்கு, அதாவது வானரசருக்கு, வணக்கம். அவருக்கு இங்கே சிலை இருக்காது, கலசம் மட்டும்தான். அப்புறம் மூலவர், அப்புறம் பக்கத் தெய்வங்கள். ஒவ்வொரு கலசத்துக்கும் மூன்று பத்தி. சுடரை வாயால் ஊதி அணைக்கக் கூடாது, கையை ஆட்டி அணைக்க வேண்டும். குவான் இம்முக்கு மாமிசம் ஆகாது. பூ, பழம், எண்ணெய், காய்கறிப் பண்டம் போதும்.

சாமியிடம் கேள்வி கேட்க இரண்டு பிறைவடிவ மரத்துண்டுகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு. பெயர், வயது, முகவரி, விஷயம் எல்லாம் மனதில் சொல்லிவிட்டுக் கீழே விட வேண்டும். ஒன்று தட்டையும் ஒன்று குவிவுமாக விழுந்தால் சம்மதம். இரண்டும் தட்டை மேலே என்றால் சாமி சிரிக்கிறது, கேள்வியைத் திருத்திக் கேள். இரண்டும் குவிவு மேலே என்றால் மறுப்பு. பெரிய விஷயத்துக்கு மூன்று முறை தொடர்ந்து சம்மதம் வர வேண்டும். குறிக்குச்சி பார்ப்பதும் இப்படித்தான். மூங்கில் குழாயைச் சாய்த்துக் குலுக்க, எண் போட்ட குச்சி ஒன்று வெளியே விழும். அந்த எண் சரிதானா என்று பிறைத்துண்டால் உறுதி செய்த பிறகே இழுப்பறையிலிருந்து செய்யுள் தாளை எடுக்க வேண்டும். அவசரக்காரர்கள் நேராகக் குலுக்குவார்கள், மூன்று குச்சி சேர்ந்து விழும், செல்லாது, மறுபடி முதலிலிருந்து. சாயும் கோணம்தான் சூட்சுமம்: குழாய் கிட்டத்தட்டப் படுக்கைக்கு வரவேண்டும், குலுக்கல் சின்னதாக இருக்க வேண்டும்.

எரிக்கும் தாளிலும் கவனம் வேண்டும். பொன்தகடு ஒட்டியது சாமிக்கு, வெள்ளித்தகடு ஒட்டியது இறந்தவர்களுக்கு. கடைக்காரரிடம் எந்தக் கோயில் என்று சொன்னால் அவரே கட்டித் தருவார்.

முற்றத்தில் ஆளுயரத்துக்கு மேலான பத்திகள் எரிகின்றன. காற்று திரும்பினால் சாம்பல் துணியில் பொட்டுப் பொட்டாக ஓட்டை போடும். பருத்திச் சட்டை நல்லது. குவான் இம்முக்கு ஆண்டில் மூன்று விழா, சீன நாட்காட்டியின் 2, 6, 9ஆம் மாதங்களில் 19ஆம் நாள். அன்றைக்கு வருவதென்றால் விடியலில் வந்துவிட வேண்டும்.

பிப்ரவரி 5, புதன் இரவு. சியூ படகுத்துறை

இன்றுதான் ஹாக்கியன்காரர்களுக்கு உண்மையான புத்தாண்டு. விடிந்தால் ஒன்பதாம் நாள், தி கோங் பிறந்தநாள். சீனக் கணக்கில் இரவு 11 மணிக்கே மறுநாள் பிறந்துவிடும், ஆகவே கூட்டம் எல்லாம் இன்று இரவு.

துறை என்பது கடலுக்குள் மரக்கால் நட்டு, பலகை பாவி, இருபுறமும் வீடு கட்டிய தெரு. பெரும்பாலும் ஒவ்வொரு துறையும் ஒரு குலம்: லிம், தான், லீ, இயோ. சியூ குலத்தார் புஜியனின் தோங் ஆன் பக்கத்தவர். துறைக்குள் இருக்கும் அவர்கள் கோயிலில் போ செங் தை தே, அந்தப் பக்கத்து வைத்தியத் தெய்வம். படகில் சுமைகூலி செய்தவர்களுக்கு வைத்தியச் சாமி அவசியம்தானே.

காரணக்கதை இது: புஜியனில் ஒரு புத்தாண்டுச் சமயம் துரத்தப்பட்ட ஜனங்கள் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்து பிழைத்தார்கள், வெளியே வந்த நாள் ஒன்பதாம் நாள். துரத்தியவர்கள் கொள்ளையரா படைவீரரா என்பது சொல்கிறவரைப் பொறுத்து மாறும். கரும்பு மட்டும் எந்தக் கதையிலும் மாறாது. வேரும் தோகையும் வெட்டாத முழுக்கரும்பு, ஜோடியாக, மேசையின் இருபுறமும் கட்ட வேண்டும். மாலையில் வாங்கப் போனால் வளைந்த கழிதான் மிஞ்சும், விலையும் ஏறியிருக்கும். நேரான ஜோடி வேண்டுமானால் காலையிலேயே போக வேண்டும்.

மேசை இரண்டு அடுக்கு. மேல் மேசையை முக்காலி மேல் ஏற்றி உயர்த்துவார்கள், அது வானரசருக்கு, முழுச்சைவம்: தேநீர்க் கிண்ணங்கள், பழம், உலர்ந்த காய்கறிப் பண்டங்கள். கீழ் மேசை அவருடைய பரிவாரத்துக்கு. அங்கேதான் வாட்டிய பன்றியும் கோழியும். சிவப்பாக ஆமை வடிவில் பிடித்த ஆங் கூ, சிவப்புச் சாயமிட்ட மீ கூ ரொட்டி, வெடித்து மலர்ந்த ஹுவாட் குவே, அன்னாசி. ஹுவாட் குவே வெடிக்காமல் தட்டையாக வந்துவிட்டால் படைக்கமாட்டார்கள், வருஷத்துக்கே ஆகாது என்பார்கள். மாவு புளிக்க நேரம் விடாததும், ஆவி பலமாக வரும் முன்பே உள்ளே வைத்ததும்தான் பெரும்பாலும் காரணம்.

துறையிலிருந்து சாலைவரை மேசைகளின் வரிசை. பதினொன்றைத் தாண்டியதும் வாணவேடிக்கை, முழங்காலிட்டு வணக்கம், பிறகு மடித்த பொன்தாள் கோபுரங்களைச் சாலைப் பக்கம் குவித்துத் தீ. கரும்பும் அதன்மேல் போகிறது. கடற்காற்றில் எரியும் தாள் பறக்கிறது. முடியைக் கட்டிக்கொள்ளுங்கள், நைலான் துணி வேண்டாம். முன்பின் தெரியாத ஒரு குடும்பம் மேசையைக் கலைத்ததும் ஆங் கூ இரண்டை வாழையிலையோடு கையில் திணித்தது. உள்ளே பாசிப்பருப்புப் பூரணம். படைத்ததை வந்தவருக்குக் கொடுக்காமல் விடமாட்டார்கள்.

குவாங்டுங் வழிவந்த கந்தோனியர் வீடுகளில் இது இவ்வளவு பெரிய இரவல்ல. பக்கத்துத் தெருவிலேயே விளக்கணைத்துத் தூங்கிய வீடுகள் உண்டு.

பிப்ரவரி 6, வியாழன்

ஆயர் ஈத்தாமில், பினாங்கு மலையடிவாரத்தில், 1905இல் கட்டிய தி கோங் கோயில். பல கோயில்களில் வெறும் கலசமாக இருக்கும் வானரசருக்கு இங்கே தனிக்கோயிலே உண்டு. படிகள் அதிகம். முந்தைய இரவின் சாம்பலைக் கூடைகூடையாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். கால் வலியால் அன்று வேறு எதுவும் செய்யவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி. கூ கோங்சி

குலமண்டபம், கோயில், நாடகமேடை, வாடகை வீடுகள் எல்லாம் ஒரே மதிலுக்குள். கூ குலம் புஜியனின் சாங்சோ பக்கத்து சின் காங் ஊர். 1835இல் சங்கம், 1851இல் முதல் மண்டபம். 1894இல் தொடங்கிய பெரிய கட்டடம் முடிந்த சூட்டிலேயே, 1901இல், எரிந்துபோனது. சக்கரவர்த்தி அரண்மனைக்குச் சமமாகக் கட்டினால் தெய்வம் பொறுக்குமா என்று பேசிக்கொண்டார்கள். கொஞ்சம் அடக்கிக் கட்டி 1906இல் முடித்ததுதான் இப்போது நிற்பது. அடக்கியதே இப்படியென்றால்!

மேலே அண்ணாந்து பாருங்கள். கூரையின் டிராகன், பூ, போர்வீரர் எல்லாம் வர்ணம் அடித்த சுதை இல்லை. வண்ணப் பீங்கான் கிண்ணங்களைக் குறடால் நறுக்கி, சில்லுச் சில்லாகச் சுண்ணக்காரையில் பதித்தது. அதனால்தான் வெயில் மழைக்கு நிறம் மங்குவதில்லை. உதிர்வது காரை பிடிப்பு விடும்போதுதான். பழுதுபார்க்க இந்தக் கைவேலை தெரிந்தவர்கள்தான் வேண்டும்.

உள்ளே மூன்று அறைகள். நடுவில் குலத்தின் காவல் தெய்வங்கள், ஒருபுறம் முன்னோர் பெயர்ப்பலகைகள், மறுபுறம் தென்கடல் சீனர்களின் சாமியான துவா பெக் கோங். காவல் தெய்வங்களான ஓங் சூன் யா, துவா சாய் யா இருவரும் கூ குலத்தவரே அல்லர். 383ஆம் ஆண்டு ஃபெய் ஆற்றுப் போரில் வடக்கத்திப் பெரும்படையைச் சின்னப் படையால் முறியடித்த தளபதி ஷியே ஷுவானும், அவருக்குப் பின்னால் நின்ற அமைச்சர் ஷியே ஆனும். ஊரில் கும்பிட்ட சாமியைக் குலம் பார்க்காமல் அப்படியே கொண்டுவந்துவிட்டார்கள்.

சுவரில் பொன்னெழுத்துப் பலகைகள். பழங்காலத்தில் சீன அரசுப் பட்டங்கள், இப்போது குலத்தில் யார் டாக்டர், யார் வக்கீல், யார் முதுகலை என்று. வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு சீக்கியக் காவலர்கள் வேறு. கோயில் துவாரபாலகருக்குத் தலைப்பாகையும் தாடியும் வைத்தது அந்தக் காலத்துக் குறும்பு.

இவ்வளவு அமைதியாகத் தெரியும் இந்த வட்டாரம் 1867 ஆகஸ்டில் போர்க்களம். சீனர்களின் இரகசியச் சங்கங்களான துவா பெக் கோங் சங்கமும் கீ ஹின் சங்கமும் மோதிய பத்து நாள் கலவரம், இரு பக்கமும் மலாய் மக்களின் கொடிச் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. துவா பெக் கோங் சங்கத் தலைவர் கூ தியன் தெக் இந்தக் குலத்தவர். அவருக்கு மரணதண்டனை விதித்து, பிறகு ஏழு ஆண்டுச் சிறையாகக் குறைத்தார்கள். கோயில்களைப் பக்திக் கண்ணால் மட்டும் பார்த்தால் இந்தப் பாதி தெரியாமலே போய்விடும்.

மதியம் பக்கத்துத் தெருவில் சார் குவே தியாவ், அதாவது வதக்கிய அரிசி நூடுல்ஸ், ஒன்பது வெள்ளி. பன்றிக்கொழுப்பில் வதக்குவது வழக்கம், வேண்டாதவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளவும்.

பிப்ரவரி 8, சனி. கெக் லோக் சி

குவான் இம் தெங்கில் 1887இல் தலைமைத் துறவியாக அமர்ந்தவர் பியோ லியன். சந்தடியில் தியானம் ஆகாது என்று மலையடிக்குப் போய்த் தொடங்கியது இது. கட்டக் காசு கொடுத்தவர்களில் சியோங் ஃபாட் சே போன்ற ஹக்கா என்ற சீனப் பிரிவுச் செல்வர்கள் முன்னணி. 1930இல் முடிந்த ஏழடுக்குக் கோபுரம் அடியில் சீனம், நடுவில் தாய்லாந்து, உச்சியில் பர்மா. ஏற இரண்டு வெள்ளி. மேலே 2002இல் நிறுத்திய 30.2 மீட்டர் வெண்கலக் குவான் இம்.

கூட்டம் சிலைக்கே ஓடுகிறது. நான்கு திசைக்காவலர் மண்டபத்தில் வருங்காலப் புத்தரான மைத்ரேயர் முதுகுக்குப் பின்னால் நிற்கும் வெய்துவோவை யாரும் பார்ப்பதில்லை. கவசம் பூண்ட இளம் வீரர், கையில் தண்டம். ஸ்கந்தன் என்ற பெயரோடு தொடர்புபடுத்தப்படுபவர். தைப்பூசத்துக்கு வந்த தமிழர்கள் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

கீழே சந்தையருகே அசாம் லக்சா என்ற புளிக்குழம்பு நூடுல்ஸ். மீன், புளி, இஞ்சிப்பூ மணம். மேலே ஊற்றும் கருப்பு இறால்விழுதை முதலில் பாதி கலக்கிச் சுவை பார்ப்பது நல்லது, எல்லா நாக்குக்கும் ஒத்துவராது.

பிப்ரவரி 10, திங்கள். தேங்காய்

தைப்பூசத்துக்கு முந்திய நாள். விடியுமுன்னே தங்கரதம் குயின் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்தும், நகரத்தார் வெள்ளிரதம் பினாங்கு தெருக் கோவில் வீட்டிலிருந்தும் முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலைக்குப் புறப்பட்டன. வெள்ளிரதம் 1894 முதல் ஓடுகிறது.

சாலையில் மலைமலையாகத் தேங்காய். குவித்து வைத்திருந்தவர்களில் சீனர்களே அதிகம் என்று தோன்றியது. நேர்த்திக்கு ஒரு குடும்பமே லாரியில் கொண்டுவந்து இறக்குகிறது. கையில் மூன்று பத்தி, ரதம் நெருங்கியதும் தலைக்குமேல் தூக்கி ஒரு வணக்கம், பிறகு இரண்டு கையாலும் மாறிமாறி உடைக்கிறார்கள். வானரசருக்கு ஏந்திய அதே பத்தியைத்தான் முருகனுக்கும் ஏந்துகிறார்கள். ஓடு தெறிக்கும், செருப்பு போதாது, மூடிய காலணி அவசியம். ரதம் நகர்ந்ததும் மண்வாரி இயந்திரம் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. அந்தப் பக்கம் பேருந்துகள் பாதை மாறிவிடும் என்பதால் அறைக்கு நடைதான்.

பிப்ரவரி 11, செவ்வாய் இரவு. தஞ்சோங் தோக்கோங்

பகலில் தண்ணீர்மலையில் காவடி, இரவில் கடலோரத்தில் நெருப்பு. சீனப் பெருநாளின் பதினான்காம் இரவும் தைப்பூசமும் இந்த ஆண்டு ஒரே நாளில்.

துவா பெக் கோங் இந்தத் தென்கடல் சீனர்களின் சாமி. இங்கே அவர் சாங் லி என்ற ஹக்காக்காரர். கம்பெனிக்காகத் தீவைப் பிடித்த பிரான்சிஸ் லைட் வருவதற்கு முன்பே, உடன்பிறவா இரு சகோதரர்களோடு இந்தக் கரையில் ஒதுங்கி வாழ்ந்து மறைந்தவர் என்பது மரபு. மூவரின் கல்லறையும் கோயில் அருகிலேயே. ஆக, சீனாவிலிருந்து கொண்டுவந்த சாமி இல்லை, குடியேறிய முன்னோடியே சாமியானது. கோயில் ஹக்காக்காரர்களுடையது. ஆனால் இன்றைய சடங்கு அர்மேனியன் தெரு ஹாக்கியன்காரர்களின் போ ஹாக் சியா நடத்துவது. 1867இல் சண்டையிட்ட அதே துவா பெக் கோங் சங்கத்தின் வாரிசு அது. ஒருவர் வீட்டில் இன்னொருவர் விழா, ஏற்பாடு நீண்ட காலமாக நடக்கிறது.

விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். கைப்பேசி வெளிச்சம் காட்டியவர்களுக்கு நான்கு பக்கமும் திட்டு விழுந்தது. பெரியவர்கள் தூபக்கலசத்தை விசிற, சுடர் எழ வேண்டும். மூன்று முறை. முதல் சுடர் ஆண்டின் முதல் நான்கு மாதத்துக்கு, இரண்டாவது நடு நான்குக்கு, மூன்றாவது கடைசி நான்குக்கு. சுடர் உயர்ந்தால் வியாபாரம் உயரும். ஒவ்வொன்றுக்கும் கூட்டத்திலிருந்து “ஹுவாட் ஆ!”, செழிக்கட்டும், என்று கூச்சல். விளக்கு வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கலசத்தை நோக்கிப் பாய்கிறார்கள். முன்வரிசையில் நின்றால் பத்தி நெருப்பு முதுகில் படும், தூணோரமாக ஒதுங்குவதே புத்தி.

வெளியே பார்லி தண்ணீர்க் கடையில் இருவர் வாக்குவாதம், இரண்டாவது சுடர் பெரிதா மூன்றாவது பெரிதா என்று. கடைக்காரர் கோப்பை கழுவிக்கொண்டே, சுடர் எப்படி எழுந்தாலும் கடை வாடகை ஏறுகிறதே, அதை எந்தக் கலசத்தில் பார்ப்பது என்றார். இருவரும் சிரித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டார்கள்.